பாப் ஃபில்டர் மாட்டியும் ‘டப் டப்’ சத்தம் போகவில்லை, அவசரம்

மொட்டைமாடி:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிறேன், ‘ப’ வரும் இடமெல்லாம் டப் டப் என்று அடிக்கிறது. இதற்கென்றே மைக்குக்கு முன்னால் வைக்கிற துணி வலை, அதுதான் பாப் ஃபில்டர், வாங்கி மாட்டினேன், மாட்டியும் அப்படியேதான் இருக்கிறது. பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் போடுவதற்கான பாட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடியோ எடிட் செய்யும் பையனுக்கு அனுப்பியாக வேண்டும். பல்லவியே ‘ப’வில்தான் ஆரம்பிக்கிறது. ஃபில்டர் போலியாக இருக்குமா? வேறு வாங்க வேண்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கேபிள்காரன்:
என்ன மைக்? நுண்ணிய சத்தத்தையும் எடுக்கிற கண்டென்சரா, மேடையில் பிடிக்கிற டைனமிக்கா? வாய்க்கும் ஃபில்டருக்கும் எவ்வளவு தூரம், ஃபில்டருக்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம்? எதில் பதிவு செய்கிறீர்கள்? இது எதுவும் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க முடியும். ஒரு சின்ன சாம்பிள் ஏற்றுங்கள்.

நைலான்நாதன்:
ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒற்றைத் துணியா இரட்டைத் துணியா என்று தெரியும். மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் ஒரே ஒரு அடுக்குதான். நான் கடையில் வாங்குவதையே விட்டுவிட்டேன், எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் ஸ்டாக்கிங்ஸை இரண்டு அடுக்காக இழுத்துக் கட்டியதுதான் இன்றுவரை ஓடுகிறது. இரண்டு அடுக்குக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது. உலோக வலை மட்டும் வாங்காதீர்கள்.

இரவுமிக்ஸ்:
உலோக வலையில் என்ன குறை? கழுவலாம், கிழியாது, மேல் அலைவரிசை துணியைவிடத் தெளிவாகக் கடந்து வரும்.

நைலான்நாதன்:
காற்றும் தெளிவாகக் கடந்து வரும்.

ஒலிச்சித்தர்:
இங்கே வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான், தேடிப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும். பாப் ஃபில்டர் என்பது பாடத் தெரியாதவர்களுக்கு ஊன்றுகோல். மேடையில் யார் ஃபில்டர் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள்? ‘ப’ வரும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பு, உச்சஸ்தாயி வந்தால் பின்னால் போ, கீழே வந்தால் கிட்டே வா. இந்தப் பழக்கம் இல்லாமல் கடையில் போய்ப் பொருள் வாங்கிக் குவித்தால் தீராது தம்பி. அப்புறம், வீட்டுப் பதிவுக்குக் கண்டென்சரே வேண்டாம், ஒரு நல்ல டைனமிக் வாங்கிக்கொள்.

கேபிள்காரன்:
சித்தரே, மேடையில் எல்லோரும் பிடிக்கிற அந்த ஷூர் எஸ்எம்58-இன் உருண்டை வலைக்குள் நுரை வைத்திருக்கிறது, 1966-இல் வந்ததிலிருந்தே அதுதான் அதன் பாப் ஃபில்டர். வெளியே தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது. அவர் இன்னும் மைக் எதுவென்றே சொல்லவில்லை, அதற்குள் வேறு மைக் வாங்கச் சொன்னால் எப்படி?

மொட்டைமாடி:
தம்பி இல்லை சார். மைக் கண்டென்சர்தான், கருப்பு நிறம், கணினியோடு இணைக்கிற இன்டர்ஃபேஸோடு செட்டாக வந்தது. மேஜை மேல் குட்டி ஸ்டாண்டில் இருக்கிறது. ஆடாசிட்டி மென்பொருளில் பதிகிறேன். ஃபில்டரை மைக்கோடு ஒட்டி வைத்திருக்கிறேன், நடுவில் காற்று புகாதபடி. நானும் ஃபில்டருக்குப் பக்கத்தில்தான் வாயை வைத்துப் பாடுகிறேன், தள்ளிப் பாடினால் குரல் சன்னமாகிவிடுகிறது. இன்னும் என்ன வேண்டும்?

கேபிள்காரன்:
ஒட்டி வைத்திருப்பதுதான் காரணம். ஃபில்டர் போலி இல்லை, வேறு வாங்காதீர்கள்.

உள்ளங்கையை வாய்க்கு முன்னால் நான்கு விரல்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு ‘அப்பா’ என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ‘ப்பா’வில் ஒரு கொத்துக் காற்று வந்து கையில் இடிக்கும். ‘அம்மா’ சொல்லும்போது அப்படி இடிக்காது. அந்தக் காற்று போய் மைக்கின் மெல்லிய தகட்டை மொத்தமாகத் தள்ளுவதுதான் உங்களுக்கு ‘டப்’ என்று கேட்கிறது. ஒலி துணியைத் தாண்டிப் போய்விடும், காற்றுக் கொத்து துணியில் பட்டுச் சிதறும். ஆனால் சிதறிய காற்று அடங்குவதற்குத் துணிக்குப் பின்னால் இடம் வேண்டும். ஒட்டி வைத்தால் சிதறியதும் அப்படியே தகட்டில்தான் போய் விழும். கையை இன்னும் ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், இடி பாதியாகக்கூட இருக்காது.

அதனால் ஃபில்டருக்கும் மைக்குக்கும் நடுவில் நான்கு விரல், ஃபில்டருக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு நான்கைந்து விரல். மொத்தம் 15 முதல் 20 செ.மீ. வந்தால் போதும். குரல் சன்னமானால் இன்டர்ஃபேஸில் கெய்னை, அதாவது மைக் சத்தத்தின் அளவை, கூட்டுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும், அவ்வளவுதான். நீங்கள் சத்தமாகப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் சரி.

இரவுமிக்ஸ்:
கூடவே இன்னொன்று. கிட்டே பாடும்போது குரல் கனமாகக் கேட்கிறது இல்லையா, அது முன்பக்கச் சத்தத்தை அதிகம் எடுக்கிற கார்டியாய்டு மைக்கின் குணம், நெருங்க நெருங்கக் கீழ் அலைவரிசை ஊதிவிடும். அந்தக் கனம்தான் நல்ல குரல் என்று காது பழகியிருந்தால் தள்ளிப் பாடும்போது சன்னம் என்றுதான் தோன்றும். கார்டியாய்டில் காற்று இடியும் அதிகம் கேட்கும். மைக்கில் ஆம்னி (எல்லாப் பக்கமும் எடுப்பது) என்று மாற்றும் வசதி இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள், இரண்டு தொல்லையும் குறையும், ஆனால் அறையின் எதிரொலி கூடும். நுனியில் இல்லாமல் பக்கவாட்டில் பார்த்துப் பாட வேண்டிய மைக்காக இருந்தால் முன்பக்கம் எது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் கம்பெனிப் பெயர் இருக்கிற பக்கம்தான் முன்பக்கம்.

பழையடேப்:
இவ்வளவு எதற்கு. ஒரு பென்சிலை மைக்குக்கு நேர் முன்னால் செங்குத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள், தகட்டின் நடுவுக்கு நேராக வரட்டும். வருகிற காற்று பென்சிலில் பட்டு இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும். செலவு சுழியம். இல்லையென்றால் மைக்கை மூக்கு உயரத்துக்கு ஏற்றி, கீழே வாயைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், காற்று நேராகப் போய்விடும், மைக் மேலே இருக்கும்.

நைலான்நாதன்:
பென்சில் எல்லாம் வேடிக்கை. இரட்டைத் துணிக்கு இணை வராது.

இரவுமிக்ஸ்:
ஏற்கெனவே பதிந்ததைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ஆடாசிட்டியில் ஹை பாஸ் ஃபில்டர் போட்டு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். டப் சத்தத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம்காலம்:
பாட்டு முழுவதற்குமா 120? எத்தனை கட்டை என்று கேட்காமல் வெட்டச் சொல்கிறீர்களே. 1 கட்டையில் பாடுகிற ஆண் குரல் என்றால் மத்திய சட்ஜமே சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 98. நீங்கள் சொல்கிற இடத்தில் ஸ்தாயிக்கு 12 டெசிபல் சரிவு வைத்து வெட்டினால் அந்தப் பஞ்சமத்தின் அடி 5 டெசிபல் போய்விடும்.

இரவுமிக்ஸ்:
அவர்தான் தம்பி இல்லை என்று சொல்லிவிட்டாரே, 5 கட்டை பக்கம் இருக்கும். அப்போது சட்ஜம் 196, மந்திர பஞ்சமம் 147. அதே வெட்டில் பஞ்சமத்துக்கு ஒன்றரை டெசிபல்தான் குறையும், யாருக்கும் தெரியாது.

மூன்றாம்காலம்:
இந்த இழையைப் படித்துவிட்டு நாளை ஓர் ஆண் பாடகர் 120 வைப்பார், அதற்குத்தான் சொல்கிறேன். ‘ப’ இருக்கிற இடத்தை மட்டும், அதுவும் அந்த ஒரு கணத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. அலை வடிவத்தில் பெருக்கிப் பார்த்தால் ‘ப’வின் தலையில் அகலமான பெரிய மேடு ஒன்று தனியாகத் தெரியும், பின்னால் வரும் உயிரெழுத்தின் நெருக்கமான அலைகளோடு அது சேராது. அந்த மேட்டின் மேல் சத்தம் மெல்ல ஏறுகிற ஃபேட் இன் ஒன்று போட்டாலே பாதி அடங்கிவிடும். மேடு உச்சியில் தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் எதுவும் செய்ய முடியாது, மறுபடி பாட வேண்டியதுதான்.

ஒலிச்சித்தர்:
அடிப்படை அலைவரிசையை வெட்டினால் சுருதியே போச்சு. அது தெரியாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் இரண்டு பேரும்.

மூன்றாம்காலம்:
சுருதி போகாது சித்தரே. அடிப்படை இல்லாவிட்டாலும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கில் இருக்கிற ஒலிகளை வைத்துக் காது அதே ஸ்வரத்தைத்தான் கேட்கும். போன் ஸ்பீக்கர் 98 ஹெர்ட்ஸை எங்கே கொடுக்கிறது, ஆனாலும் அதில் மந்திர பஞ்சமம் நமக்குப் பஞ்சமமாகத்தானே கேட்கிறது? போவது கனம், சுருதி இல்லை.

ஒலிச்சித்தர்:
போனில் கேட்பவர்களுக்குப் பாடம் எடுக்க எனக்கு நேரமில்லை.

மொட்டைமாடி:
5 கட்டைதான். கேபிள்காரன் அண்ணா சொன்னபடி ஃபில்டரைத் தள்ளி வைத்துவிட்டேன், மைக்கையும் கொஞ்சம் மேலே தூக்கினேன். ‘ப’ கிட்டத்தட்ட சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் இன்னும் நடு நடுவே தும் தும் என்று வருகிறது, இது வேறு மாதிரி. சாம்பிள் ஏற்றியிருக்கிறேன், பல்லவி மட்டும்.

ஒலிச்சித்தர்:
ஃபேன். கேட்கவே வேண்டாம். நம் ஊரில் ஃபேனைப் போட்டுக்கொண்டு பாடிவிட்டு மைக்கைக் குறை சொல்வார்கள். மேலிருந்து காற்று நேராக மைக்கில் இறங்கினால் இப்படித்தான் குமுறும்.

மொட்டைமாடி:
ஃபேன் நிறுத்திவிட்டுத்தான் பாடினேன் சார், வேர்த்துக் கொட்டியது.

நைலான்நாதன்:
அப்படியென்றால் துணி ஒற்றைதான். இரட்டையாக்குங்கள்.

கேபிள்காரன்:
கேட்டேன். ‘ப’ நன்றாக அடங்கியிருக்கிறது. இந்தத் தும் ‘ப’வில் மட்டும் வரவில்லை, ‘ம’விலும் வருகிறது, பாடாமல் மூச்சு எடுக்கிற இடத்திலும் ஒன்று வருகிறது. அப்படியானால் வாய்க்காற்று இல்லை. இன்டர்ஃபேஸ் கேபிள் ஆடுகிறதா? போன் ஏதாவது பக்கத்தில் அதிர்கிறதா?

மூன்றாம்காலம்:
நானும் ஹெட்போனில் கேட்டேன், தாளம் போட்டுக்கொண்டே. ஆதி தாளம், சரிதானே? தும் வருவது ஒன்று, ஐந்து, ஏழு. இரண்டு மூன்று நான்கில் இல்லை, ஆறிலும் எட்டிலும் இல்லை. ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் அச்சு மாறாமல் இதேதான். ஒன்று, ஐந்து, ஏழில் தட்டு, இரண்டு மூன்று நான்கு விரல், ஆறும் எட்டும் வீச்சு. விரல் எண்ணினாலும் கையைத் திருப்பினாலும் மேஜைக்குக் கேட்காது, தட்டினால் கேட்கும். அம்மா, நீங்கள் தாளத்தைத் தொடையில் போடுகிறீர்களா, மேஜை மேலா?

மொட்டைமாடி:
மேஜை மேல்தான். நாற்காலியில் உட்கார்ந்து பாடுவதால் கை அங்கேதான் போகிறது. மெதுவாகத்தானே தட்டுகிறேன்?

கேபிள்காரன்:
அடடா. மெதுவாகத் தட்டினாலும் போதும். மேஜைப் பலகை வழியாக ஸ்டாண்டுக்கு ஏறி நேராக மைக்குக்குள் போய்விடும், குட்டி ஸ்டாண்டில் நடுவே தடுக்க எதுவும் கிடையாது. பாப் ஃபில்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இரண்டு சத்தமும் கீழ் அலைவரிசையில் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரி கேட்டிருக்கிறது. தொடையில் போடுங்கள், மேலே ஒரு துண்டை மடித்துப் போட்டால் கைச் சத்தமும் வராது. ஸ்டாண்டுக்கு அடியில் கனமான துண்டு ஒன்றை நாலாக மடித்து வையுங்கள். பின்னால் வசதிப்படும்போது தரையில் நிற்கிற ஸ்டாண்டும், எலாஸ்டிக்கில் மைக்கைத் தொங்கவிடுகிற ஷாக் மவுண்டும் வாங்கலாம், ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும்.

பழையடேப்:
நின்று பாடச் சொல்லுங்கள், மூச்சும் நன்றாக வரும்.

மூன்றாம்காலம்:
உட்கார்ந்தே பாடிப் பழகியவரை நிற்கச் சொன்னால் அது வேறு தொல்லை. பாயில் உட்காரட்டும், மைக் மட்டும் தரை ஸ்டாண்டில் தாழ்வாக இருக்கட்டும்.

ஒலிச்சித்தர்:
டைனமிக் வாங்கச் சொன்னேன். கேட்டிருந்தால் இந்த இழையே இல்லை.

மூன்றாம்காலம்:
டைனமிக்கை அதே மேஜையில் அதே ஸ்டாண்டில் வைத்தாலும் அதே தட்டுக் கேட்கும் சித்தரே. அதுவும் சாமானிய டைனமிக்குக்குக் கெய்னை நிறையக் கூட்ட வேண்டியிருக்கும்.

ஒலிச்சித்தர்:
எத்தனை கச்சேரிக்கு ஒலி அமைத்திருக்கிறீர்கள்?

மூன்றாம்காலம்:
கச்சேரியில் மேஜை ஏது?

மொட்டைமாடி:
அனுப்பிவிட்டேன்!! ‘ப’வும் இல்லை, தும்மும் இல்லை. எல்லோருக்கும் நன்றி. சரணத்தில் ‘ஸ’ வரும் இடங்களில் மட்டும் ஸ்ஸ் என்று கூசுகிறது, அதற்கும் இந்த ஃபில்டரைத்தான் நகர்த்த வேண்டுமா?

இரவுமிக்ஸ்:
இல்லை, அதற்கு பாப் ஃபில்டர் உதவாது. ‘ஸ’வின் கூச்சம் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, அது காற்று இல்லை, ஒலியேதான், துணியைக் கடந்து வந்துவிடும். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, வாய்க்கு நேராக இல்லாமல் கன்னத்தைத் தாண்டிப் பார்ப்பது போல வைத்தால் குறையும். பதிந்துவிட்டதற்கு அந்தக் கூச்சத்தை மட்டும் அடக்குகிற டி-எஸ்ஸர் போடலாம். எந்த மென்பொருள் பதிப்பு வைத்திருக்கிறீர்கள்?

கேபிள்காரன்:
கடைசியில் துண்டு வைத்தீர்களா, தொடையில் தட்டினீர்களா, எது வேலை செய்தது என்றும் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள், தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

நைலான்நாதன்:
துணி ஒற்றையா இரட்டையா என்பதையும்.