ரோமில் ஒரே ஒரு புதன்கிழமை: அம்மாவுக்கு சிஸ்டைன் கூரையா, திருத்தந்தையின் ஆசீரா?

தருவைக்குளத்துக்காரி:
வணக்கம். நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வயது 72, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அக்டோபரில் ரோமுக்குக் கூட்டிப்போகிறோம். செவ்வாய் இரவு போய்ச் சேர்ந்து வியாழன் காலை கிளம்ப வேண்டும். வத்திக்கானுக்கென்று கையில் இருப்பது புதன்கிழமை மட்டும்தான். வீட்டுக்காரர் அருங்காட்சியகத்துக்கும் சிஸ்டைன் சிற்றாலயத்துக்கும் டிக்கெட் போடலாம் என்கிறார். அந்தச் சிற்றாலயத்தின் கூரையை வரைந்த மைக்கேலாஞ்சலோ யாரென்றே அம்மாவுக்குத் தெரியாது. தெருவில் உள்ளவர்கள் கொடுத்துவிட்ட 43 செபமாலைகள் அவர் பெட்டியில் இருக்கின்றன. அத்தனையும் திருத்தந்தை (போப்) மந்திரித்துத் தர வேண்டும், அவ்வளவுதான் அவர் திட்டம். எதை விடுவது?

கோட்டோவியன்:
சந்தேகமே வேண்டாம், அருங்காட்சியகம்தான். புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதை வீட்டு டிவியில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். சிஸ்டைன் கூரை அப்படி இல்லை. ஓவியன் இல்லை, சிற்பி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர் 1508 முதல் 1512 வரை சாரத்தில் நின்று அண்ணாந்தபடி வரைந்தது. பிறகு 1536இல், 61 வயதில், அதே இடத்துக்குத் திரும்பி வந்து பீடத்துக்குப் பின்சுவரில் இறுதித் தீர்ப்பைத் தொடங்கினார். முடிக்க ஐந்து ஆண்டுகள்.

இன்னொன்று. புனித பேதுரு பேராலயத்துக்குள் பீடங்களுக்கு மேலே பெரிய பெரிய ஓவியங்கள் என்று எல்லோரும் படம் எடுப்பார்கள். கிட்டத்தட்ட எல்லாமே ஓவியம் இல்லை, கல் பதித்த மொசைக் நகல்கள். ரபேல் கடைசியாக வரைந்த ‘உருமாற்றம்’ அங்கே மொசைக்காக இருக்கிறது, அசல் அருங்காட்சியகத்தின் ஓவியக்கூடத்தில். அசலை விட்டு நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?

கோயில்பிள்ளை:
கோட்டோவியன், அந்த அம்மா பரீட்சை எழுதவா வருகிறார்? அசல், நகல் என்று பிரித்துப் பார்க்க?

வெள்ளைப் புள்ளி என்பதும் சரியில்லை. பொது மறையுரை (புதன்கிழமை காலையில் திருத்தந்தை மக்களைச் சந்தித்துப் பேசுவது) தொடங்கும் முன் திருத்தந்தை திறந்த வண்டியில் சதுக்கத்துக்குள் சுற்றி வருவார். தடுப்பு ஓரத்து நாற்காலி கிடைத்தால் கைக்கெட்டும் தூரம். தங்கச்சி, காலை எட்டு மணிக்குள் உள்ளே இருங்கள். அனுமதிச் சீட்டுக்குக் காசு கிடையாது. முந்தின நாள் மாலையே வெண்கலக் கதவில் சுவிஸ் காவலர்களிடம் வாங்கலாம். நீங்கள் இரவுதான் சேர்கிறீர்கள், எனவே புதன் விடியலில் போய் வாங்க வேண்டியிருக்கும்.

செபமாலையை ஒவ்வொன்றாக நீட்டத் தேவையில்லை. கடைசியில் அவர் தரும் ஆசீர், வந்திருப்பவர்கள் கையில் உள்ள பக்திப் பொருள்களுக்கும் வீட்டில் உள்ள நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். 43ஐயும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2022 மே 15 அன்று நம் குமரி மறைசாட்சி தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததும் இதே சதுக்கத்தில்தான்.

ஆசீருக்கு முன் பரலோக மந்திரத்தை (இயேசு கற்பித்த செபம்) லத்தீனில் பாடுவார்கள். அம்மா சின்ன வயதில் லத்தீன் பூசை கண்டவராக இருப்பார். நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இறையிலி:
எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, ஆனாலும் இதில் கோயில்பிள்ளை கட்சி. ஜூலையில் சிஸ்டைன் போனேன். பேருந்து நிலையத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஒரே நேரத்தில் 2,000 பேர் வரை நின்றாலும் காற்று கெடாதபடி 2014இல் புது ஏற்பாடு செய்திருக்கிறார்கள். காற்று கெடவில்லைதான், நம் கழுத்து கெட்டுவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிபெருக்கியில் ‘சிலென்ஸியோ’ (அமைதி) என்று அதட்டல். வழிகாட்டிகள் உள்ளே பேசக் கூடாது, எல்லாவற்றையும் வெளியே முற்றத்தில் பலகையைக் காட்டிச் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே வரும்போது பாதி மறந்துவிடுகிறது.

படமும் எடுக்க முடியாது. 1980இல் தொடங்கி 1994 வரை நடந்த சுத்திகரிப்புக்கு ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சி பணம் கொடுத்து, பதிலுக்குப் படமெடுக்கும் உரிமையை வாங்கியிருந்தது. அந்த உரிமை முடிந்து ரொம்ப காலம் ஆகிறது, தடை மட்டும் அப்படியே நிற்கிறது. 72 வயது அம்மாவை இதற்குள் தள்ளாதீர்கள்.

கோட்டோவியன்:
ஜூலையில் போய்விட்டுக் கூரையைக் குறை சொன்னால் எப்படி?

சரி, நான் முதலில் சொன்னது கொஞ்சம் திமிராக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி சொல்கிறேன். அந்த மண்டபத்தில் நிற்பவர்களில் பெரும்பாலானோருக்கு மேலே என்ன கதை நடக்கிறது என்று தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு விரல் இன்னொரு விரலைத் தொடப்போகிறது, அதோடு சரி. பைபிளைப் பத்து முறை வாசித்தவருக்கு அங்கே வழிகாட்டியே தேவையில்லை. நோவா குடித்துவிட்டுக் கிடக்கிறார், யூதித்தும் பணிப்பெண்ணும் வெட்டிய தலையை எடுத்துப்போகிறார்கள், பக்கச் சுவரில் பெருஜினோ வரைந்த சாவி கொடுக்கும் காட்சி (இது மைக்கேலாஞ்சலோவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தியது, கூரையைப் பார்க்கிற அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவார்கள்). இதையெல்லாம் அந்த அம்மா பார்த்ததும் சொல்லிவிடுவார்.

பீடத்துக்கு நேர்மேலே யோனா உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அவரை விழுங்கிய மீன். கடற்கரை ஊரிலிருந்து வருகிறவர் அந்த மீனைப் பார்க்காமல் போகலாமா?

கோயில்பிள்ளை:
மீன் விஷயம் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் இறுதித் தீர்ப்பில் அத்தனை பேரும் அம்மணமாக நிற்பதைப் பார்த்து எங்கள் ஊர் அம்மாக்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

கோட்டோவியன்:
உங்கள் ஊரில் மட்டும் இல்லை அண்ணே, அங்கேயே அப்படித்தான். முடியும் முன்பே பியாஜோ என்ற அரண்மனை அதிகாரி, இது சாராயக்கடையில் இருக்க வேண்டிய படம் என்று குறை சொன்னார். மைக்கேலாஞ்சலோ அவர் முகத்தையே நரகத்து நீதிபதிக்கு வைத்து, கழுதைக் காதும் போட்டு, உடம்பைச் சுற்றிப் பாம்பையும் விட்டார். வலப்பக்கக் கீழ்மூலையில் இன்றைக்கும் நிற்கிறார். பிறகு 1565இல் தானியேலே தா வோல்தெரா என்பவரை வைத்துப் பலருக்கு இடுப்புத்துணி வரைந்தார்கள். பாவம், அவருக்கு ‘கால்சட்டைக்காரர்’ என்றே பட்டப்பெயர் ஆகிவிட்டது.

நடைராசா:
சண்டை போதும். இரண்டையும் பார்க்கலாம், முழங்கால்தான் கணக்கு.

புதன் காலை மறையுரை முடியும்வரை பேராலயத்துக்குள் பார்வையாளர்களை விட மாட்டார்கள். முடிந்ததும் உள்ளே போக வரிசை நிற்கும். அருங்காட்சியக வாசல் பேராலயத்துக்குப் பக்கத்தில் இல்லை, மதிலைச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். இது தெரியாமல் வந்து சதுக்கத்தில் நின்று விழிப்பவர்கள் தினமும் உண்டு. அம்மாவுக்கு டாக்சி வையுங்கள். மதியம் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு மாலை நுழைவுக்கு முன்பதிவு செய்யுங்கள். அடையாள அட்டை கொடுத்தால் உள்ளே சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள். குவிமாடம் நினைப்பே வேண்டாம், மொத்தம் 551 படி. லிப்டில் போனாலும் 320 மிச்சம்.

ஒத்தாவியானோ மெட்ரோவில் இறங்கியதுமே அட்டை மாட்டிய ஆட்கள் ‘வரிசை இல்லாமல் கூட்டிப்போகிறேன்’ என்று பின்னால் வருவார்கள். என்னிடம் ஒருவர் இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு அதே வரிசையில் நிறுத்தினார். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். உங்கள் அம்மா சேலையில் வருவார், பிரச்சினையில்லை. அரைக்கால் சட்டையோடு போய், தெருவோரத்தில் சால்வை வாங்கி வேட்டி மாதிரி கட்டிக்கொண்டு உள்ளே போனவன் நான்.

கோயில்பிள்ளை:
காலையில் ஐந்து மணி நேரம் வெயிலில், சாயங்காலம் நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓட்டம். இதுக்குப் பேர் யாத்திரை இல்லை. பேராலயத்துக்குள் வலப்பக்கம் முதல் கெபியில் இறந்த மகனை மடியில் வைத்த மாதா சுரூபம் இருக்கிறது. அதுவும் உங்கள் மைக்கேலாஞ்சலோ செதுக்கியதுதான், இருபத்து சொச்சம் வயதில். 1972இல் ஒருவன் சுத்தியலால் உடைத்தபிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். எட்டி நின்றுதான் பார்க்க முடியும், ஆனாலும் பெரிய வியாழன் ராத்திரி அழுகிற பெண்களுக்கு அது போதும். அப்புறம் வெண்கல இராயப்பர் (புனித பேதுரு) சுரூபம். தொட்டுத் தொட்டு வலது பாதத்தில் விரல்களே மழுங்கிப் போயிருக்கின்றன. அந்தப் பாதத்தின் பக்கத்தில் அம்மாவைக் கொஞ்சம் நேரம் சும்மா விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

இறையிலி:
அந்தப் பாதத்தை நானும் தொட்டேன். கேட்காதீர்கள்.

தருவைக்குளத்துக்காரி:
எல்லோருக்கும் நன்றி. காலையில் மறையுரை, பிறகு பேராலயம், மதியம் தூக்கம். மாலை ஐந்து மணிக்கு அருங்காட்சியகத்தில் மூன்று இடம் போட்டாச்சு. கோயில்பிள்ளை அண்ணன் கோபிக்க வேண்டாம், முடியாவிட்டால் அம்மாவும் நானும் அறையிலேயே இருந்துகொள்வோம், வீட்டுக்காரர் மட்டும் போய்வருவார்.

லத்தீன் கேட்டீர்களே. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் ‘பாத்தர் நோஸ்தர்’ என்று தொடங்கி, எங்கேயும் தடங்காமல் கடைசிவரை பாடினார். எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

யோனாவின் மீனைப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இதுவா ஆளை முழுங்கிச்சு? இதை உங்க தாத்தா ஒரு கையில தூக்கிப் படகுல போட்டிருப்பாரு” என்றார். நேரில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்வாராம்.