பகல் முழுக்கப் பார்ப்பவள் தங்கை, படபடப்பு எனக்கு. ஏன்?

அரைத்தூக்கம்:
அம்மாவுக்கு மறதி நோய் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. காலை 8 முதல் மாலை 6 வரை தங்கை பார்த்துக்கொள்கிறாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ஒரே கேள்விக்கு நாற்பது தடவை பதில் சொல்வது எல்லாம் அவள்தான். இரவு என் பொறுப்பு. பாதி நாள் அம்மா தூங்கிவிடுவார். கணக்குப் பார்த்தால் என் வேலை அவள் வேலையில் கால் பங்குகூட வராது.

ஆனாலும் அவள் நன்றாக இருக்கிறாள். நெஞ்சு படபடப்பும் எரிச்சலும் எனக்குத்தான். பிளேடு பட்டு விரலில் வந்த சின்னக் காயம் ஐந்து வாரமாகியும் முழுசாக ஆறவில்லை. “எல்லாம் ஸ்ட்ரெஸ் அண்ணா” என்கிறாள். கவலைக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய மாணவி:
முதலில் சர்க்கரை பாருங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். ஆறாத காயத்தை மனதின் மேல் பழிபோட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

சம்பந்தம் உண்டு. 1995இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு இதைத்தான் சோதித்தது. மறதி நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் 13 பெண்கள், அப்படிப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லாருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் காயம் ஒன்று போட்டு, ஆறும்வரை பார்த்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாள், கவனிப்பவர்களுக்கு 48 நாளுக்கு மேல். சின்ன ஆய்வுதான். ஆனால் உங்கள் நிலைமைக்கு இவ்வளவு பக்கத்தில் வருவது வேறில்லை.

நேர்வழி:
எல்லாம் நாம் எடுத்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது சார். அமெரிக்காவில் 1998 சர்வே ஒன்றை வைத்துப் பார்த்ததில், ஸ்ட்ரெஸ் அதிகம், அது உடம்பைக் கெடுக்கிறது என்று இரண்டையும் சொன்னவர்களுக்கு அகால மரண அபாயம் 43% அதிகம். கெடுதல் என்று நினைப்பதை விடுங்கள், பாதி சரியாகிவிடும்.

பழைய மாணவி:
நேர்வழி, அது கேள்வித்தாளை வைத்துச் செய்த ஆய்வு. ஏற்கெனவே உடம்பு முடியாதவர்தானே ‘ஸ்ட்ரெஸ் என்னைக் கெடுக்கிறது’ என்று சொல்ல அதிக வாய்ப்பு? எது முந்தியது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. தூக்கம் கெட்டவரிடம் ‘நல்லபடியாக நினையுங்கள்’ என்பது எனக்கு உவப்பானதும் இல்லை.

அரைத்தூக்கம், ஒன்று கேட்கிறேன். அம்மா இரவில் எப்போது எழுவார் என்று தெரியுமா?

அரைத்தூக்கம்:
தெரியாது. ஒருநாள் 1 மணி, ஒருநாள் 4 மணி, சில நாள் எழுவதே இல்லை. ஒருமுறை வாசற்கதவைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து படுத்தாலும் காது தூங்குவதில்லை.

பழைய மாணவி:
அதுதான். ஜே வைஸ் என்ற உளவியலாளர் எலிகளுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி கொடுத்தார். ஒன்றுக்கு முன்கூட்டியே ஓர் ஒலி எச்சரித்தது, இன்னொன்றுக்கு ஒலி வந்தாலும் அதிர்ச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வயிற்றுப்புண் அதிகம் வந்தது இரண்டாவதற்கு. எச்சரிக்கை கேட்கும் எலி, ஒலி இல்லாத நேரத்தில் நிம்மதியாக இருக்கலாம். மற்றதற்கு நிம்மதியான நேரமே கிடையாது.

கிளாஸ், சிங்கர் என்ற இரு உளவியலாளர்கள் மனிதர்களுக்குக் காதைப் பிளக்கும் சத்தம் கொடுத்தார்கள். சிலருக்கு மட்டும், அழுத்தினால் சத்தத்தை நிறுத்தும் பொத்தான் ஒன்று. கிட்டத்தட்ட யாரும் அழுத்தவில்லை. ஆனாலும் பிறகு கொடுத்த புதிர்களில் பொத்தான் இருந்தவர்கள்தான் சீக்கிரம் சலிக்காமல் முயன்றார்கள். உங்கள் தங்கைக்கு அந்தப் பொத்தான் மாலை 6 மணி.

அரைத்தூக்கம் (மூன்று வாரம் கழித்து):
சர்க்கரை சரியாக இருக்கிறது. காயம் ஒருவழியாக மூடிவிட்டது, தானாகவா என்று தெரியாது. அம்மா கால் வைத்தால் மணி அடிக்கும் பாய் ஒன்றைக் கட்டிலுக்குக் கீழே போட்டிருக்கிறோம். சனிக்கிழமை இரவு தங்கை முறை. நேற்று மணி அடிக்கவே இல்லை. நான்தான் மூன்று தடவை எழுந்துபோய், அது வேலை செய்கிறதா என்று மிதித்துப் பார்த்தேன்.