பெண்கள் உலகக் கோப்பை கூடைப்பந்து: 11 பட்டம் பெரிதா, தொடர்ந்து 5 பெரிதா?

மாறன்:
கேள்வியைப் போட்டவன் நானே என்பதால் என் பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டியின் வரலாற்றில் மிகப் பெரிய அணி சோவியத் யூனியன். அமெரிக்கா இல்லை.

1953 முதல் 2022 வரை 19 போட்டிகள் நடந்திருக்கின்றன. அமெரிக்கா 11, சோவியத் 6, பிரேசில் 1, ஆஸ்திரேலியா 1. இதைப் பார்த்ததும் பலருக்கு விவாதமே முடிந்துவிடுகிறது. ஆனால் 1959, 1964, 1967, 1971, 1975 என்று தொடர்ந்து ஐந்து முறை வென்றது சோவியத் மட்டும்தான். அமெரிக்கா 2010 முதல் 2022 வரை வென்றது நான்கு. 1958இல் ஐரோப்பியப் போட்டியின் இறுதியில் பல்கேரியாவிடம் தோற்ற சோவியத் பெண்கள், அதன் பிறகு பெரிய போட்டிகளில் 152 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார்கள். அந்தத் தொடர் 1986இல்தான் முடிந்தது. உல்யானா செம்யோனோவாவைப் பற்றித் தனியாகவே ஒரு இழை தொடங்கலாம்: ஏறக்குறைய 7 அடி உயரம், மூன்று உலகப் பட்டம், இரண்டு ஒலிம்பிக் தங்கம்.

கௌசல்யா:
முதல் பட்டத்திலிருந்தே தொடங்குவோமா? 1959, மாஸ்கோ. வந்த அணிகள் எட்டு: சோவியத், பல்கேரியா, செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா, போலந்து, ருமேனியா, ஹங்கேரி, வட கொரியா. அதற்கு முந்தைய இரண்டு போட்டிகளையும் வென்ற அமெரிக்கா வரவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து ஒரு அணிகூட இல்லை. இதற்கு உலக சாம்பியன்ஷிப் என்று பெயர் வைத்தால் ஆகிவிடுமா? ஒரே அரசியல் முகாமின் உள்வீட்டுப் போட்டி அது. உங்கள் ஐந்து இப்போது நான்கு.

மாறன்:
அந்தக் கத்தரிக்கோலை அப்படியே 1979க்கும் கொண்டுவாருங்கள். சியோலில் நடந்தது. தென் கொரியாவோடு உறவில்லை என்று சோவியத் போகவில்லை. அமெரிக்கா வென்றது, அதுவும் எப்படி? கொரியாவிடம் தோற்று, அமெரிக்கா, கொரியா, கனடா மூன்றும் சமநிலையில் நின்று, கடைசியில் புள்ளி வித்தியாசத்தில் வந்த பட்டம். 22 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் இது. 1959 செல்லாது என்றால் இதுவும் செல்லாது.

பெஞ்ச்வீரன்:
இப்படி ஒவ்வொன்றாக வெட்டினால் கடைசியில் 2006 ஆஸ்திரேலியாவும் 1994 பிரேசிலும்தான் மிஞ்சும். எனக்குச் சம்மதமே.

கௌசல்யா:
1979இல் ஆசியா, அமெரிக்கக் கண்டங்கள், மேற்கு ஐரோப்பா எல்லாம் இருந்தன. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சரி, ஆள் வந்த ஆண்டுகளைப் பார்ப்போம். 1967, பிராகா. மொத்தம் 11 அணிகள், அமெரிக்கா 11ஆவது. 1971இலும் 1975இலும் எட்டாவது. அப்போது அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஆறு பேர் ஆடும் ஆட்டமே பெரும்பாலும் நடந்தது. ஆடுகளத்தை இரண்டாகப் பிரித்து, தாக்குபவர் ஒரு பாதியில், தடுப்பவர் இன்னொரு பாதியில். பெண்கள் முழு மைதானமும் ஓடினால் உடம்பு தாங்காது என்ற நினைப்பு. ஐந்து பேர் ஆடும் முறை அங்கே முறையாக வந்தது 1971இல். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் டைட்டில் நைன் சட்டம் 1972இல். வீட்டில் ஒரு விதி, வெளிநாட்டில் ஒரு விதி என்று ஆடிய அணியைத்தான் சோவியத் வென்றது. எதிரே டௌகாவா ரீகா போன்ற மன்றங்களில் ஆண்டு முழுவதும் அரசு செலவில் பயிற்சி. பெயருக்குத்தான் அமெச்சூர்.

மாறன்:
அமெரிக்கா தன் பெண்களைப் பாதி மைதானத்தில் நிறுத்தி வைத்தது சோவியத்தின் குற்றமா? மற்ற நாட்டுக்காரர்கள் முழு மைதானத்திலும் ஆடினார்களே. 1967இல் தென் கொரியா இரண்டாம் இடம், 1975இல் ஜப்பான் இரண்டாம் இடம். அவர்களுக்கு உயரமும் இல்லை, ரீகா மாதிரி வசதியும் இல்லை. வேகத்தாலும் தூர எறிதலாலும் வந்தார்கள், அதுவும் மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில். அவர்களையும் சோவியத் தாண்டித்தான் வந்தது.

இன்னொன்று. ஆள் முழுசாக வந்த பிறகு என்ன ஆயிற்று? ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக வந்தது 1976, மாண்ட்ரியல். சோவியத் 112, அமெரிக்கா 77. டைட்டில் நைன் வந்து நான்கு ஆண்டு ஆகிவிட்டது. 1983 உலகப் போட்டி, சாவ் பாவ்லோ இறுதி: சோவியத் 84, அமெரிக்கா 82. அந்த அமெரிக்க அணியில் அவர்களின் பெரிய நட்சத்திரம் ஷெரில் மில்லரே இருந்தார்.

கௌசல்யா:
1986ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? மாஸ்கோ. சோவியத்தின் சொந்த மைதானம், சொந்த ரசிகர்கள். ஜூலையில் குட்வில் என்ற பல்விளையாட்டுப் போட்டியில் அமெரிக்கா 83-60 என்று வென்றது. அதே ஆண்டு உலகப் போட்டி இறுதியில் 108-88. நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த 152ஐ முடித்து வைத்தது யார் என்று மட்டும் சொல்லாமல் தாண்டிவிட்டீர்கள். 1988 சியோல் ஒலிம்பிக் அரையிறுதி, 102-88. நல்ல ஆட்டம் என்றால் 1983, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு புள்ளியில் வென்றவர்களை மூன்றே ஆண்டில் 20 புள்ளியில் அடித்தால் அது அதிர்ஷ்டம் இல்லை. தலைமுறையே மாறிவிட்டது.

இளங்கோ:
இடையில் ஒரு சந்தேகம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் தங்கத்தையும் சேர்க்கிறீர்களா?

கௌசல்யா:
இல்லை தம்பி. அங்கே சோவியத் வரவில்லை, 1980 மாஸ்கோவுக்கு அமெரிக்கா போகவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டே பேசுகிறேன்.

பெஞ்ச்வீரன்:
நீங்கள் இருவரும் வல்லரசுகளைப் பிடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருங்கள். இந்தப் போட்டியின் போக்கை மாற்றிய ஆட்டம் 1994 அரையிறுதி என்பேன். சிட்னி. பிரேசில் 110, அமெரிக்கா 107. ஹோர்டென்சியா, பவுலா, ஜானெத். இறுதியில் சீனாவை 96-87. சோவியத்தும் அமெரிக்காவும் அல்லாத ஒரு நாடு பட்டம் வென்றது அதுவே முதல் முறை. 41 ஆண்டு ஆயிற்று அதற்கு.

அந்தத் தோல்விதான் அமெரிக்காவை உலுக்கியது. 1992 பார்சிலோனாவில் வெண்கலம், 1994இலும் வெண்கலம். அதுவரை போட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஆள் சேர்த்துப் பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள். அது இனிமேல் ஆகாது என்று 1995இல் நிரந்தர அணி ஒன்றைக் கட்டினார்கள். பயிற்சியாளர் டாரா வான்டர்வீர். ஏறக்குறைய ஓராண்டு உலகம் முழுவதும் சுற்றி 52 ஆட்டம், 52 வெற்றி. அப்புறம் 1996 அட்லாண்டா ஒலிம்பிக், இறுதியில் அதே பிரேசிலை 111-87. அந்த அலையில் 1997இல் டபிள்யூஎன்பிஏ என்ற அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக். அதாவது கௌசல்யா அக்கா பெருமைப்படும் சாம்ராஜ்யத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் மூன்று பிரேசில்காரிகள்.

கௌசல்யா:
உலுக்கலைக் கொடுத்தது பிரேசில், கட்டியது அமெரிக்கா. எத்தனையோ நாடு தோற்கிறது, அதற்குப் பிறகு எல்லாரும் இப்படி ஒரு வேலையைச் செய்கிறார்களா? பிரேசிலே செய்யவில்லையே. 2022 போட்டிக்கு அவர்கள் தகுதியே பெறவில்லை.

மாறன்:
பார்சிலோனா பேச்சு வந்ததே நல்லது. 1992இல் அமெரிக்காவை அரையிறுதியில் 79-73 என்று அனுப்பியது எந்த அணி? ஒருங்கிணைந்த அணி. அதாவது பழைய சோவியத் ஆட்டக்காரிகள். நாடு கலைந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. சொந்தக் கொடி இல்லை, ஒலிம்பிக் கொடியின் கீழ் ஆடினார்கள். தங்கமும் வாங்கினார்கள். 1986லேயே தலைமுறை மாறிவிட்டது என்றீர்களே, இது எந்தத் தலைமுறை?

2006யும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாவ் பாவ்லோ அரையிறுதியில் அமெரிக்காவை 75-68 என்று தோற்கடித்தது ரஷ்யா. அதே பள்ளி, அதே பாடம்.

இளங்கோ:
ஆனால் அந்த ரஷ்யாவை இறுதியில் ஆஸ்திரேலியா 91-74 என்று துவைத்துவிட்டதே மாறன் அண்ணா. பென்னி டெய்லர் சிறந்த ஆட்டக்காரி. ரஷ்யாவுக்கு 1998, 2002, 2006 மூன்று முறையும் வெள்ளிதான்.

கௌசல்யா:
இளங்கோவுக்கு நன்றி. நான் டைப் செய்ய வேண்டிய வேலை மிச்சம்.

2006 அரையிறுதிக்குப் பிறகு உலகக் கோப்பையில் அமெரிக்கா ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அந்த வெண்கல ஆட்டத்தில் தொடங்கி 2022 இறுதி வரை 30 வெற்றி. ஒலிம்பிக்கில் 1992 அரையிறுதிக்குப் பிறகு 2024 பாரிஸ் வரை 61 வெற்றி. முன்பு இல்லாத மாதிரி இப்போது ஸ்பெயின், பெல்ஜியம், ஆஸ்திரேலியா, சீனா, பிரான்ஸ் எல்லா இடத்திலும் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரிகள் இருக்கிறார்கள். பெல்ஜியம் 2018இல் முதல் தடவை வந்தே நான்காவது இடம். நைஜீரியா அதே ஆண்டில் காலிறுதி. உங்கள் 152இல் பாதிக்கு மேல் இந்த மாதிரி எதிரிகளைப் பார்த்திருக்கவே முடியாது.

மாறன்:
அதே 2022இல் தென் கொரியாவை அமெரிக்கா 145-69 என்று அடித்தது. இதுதான் நீங்கள் சொல்லும் கடுமையான போட்டியா? ஒரு காலத்தில் சோவியத்தோடு இறுதி வரிசையில் நின்ற நாடு அது. எதிரிகள் எல்லா இடத்திலும் வளரவில்லை. சில இடத்தில் வளர்ந்தார்கள், சில இடத்தில் தேய்ந்தார்கள். ரஷ்யாவுக்கே 2022இல் தடை. ஆக, அந்தப் பட்டத்திலும் ஒரு பெரிய அணி இல்லை. உங்கள் கத்தரிக்கோல் இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது.

கௌசல்யா:
2018இல் ரஷ்யா தகுதி பெறவே இல்லை. தடை இல்லாதபோதும் வராதவர்களை எதற்குக் கணக்கில் வைப்பது?

பெஞ்ச்வீரன்:
2022 என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது உங்கள் இருவரின் கணக்கும் இல்லை. ஆஸ்திரேலியாவின் லாரன் ஜாக்சன். ஓய்வு பெற்று, முழங்கால் போய், 41 வயதில் திரும்பி வந்து, சிட்னியில் கனடாவுக்கு எதிரான வெண்கல ஆட்டத்தில் 30 புள்ளி. நாடு வெண்கலம் வாங்கியது. அதைப் பார்த்தவர்கள் தங்கம் யாருக்கு என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இளங்கோ:
மாறன் அண்ணா, ஒரே கேள்வி. 2026 பெர்லினில் 16 அணிகள். அமெரிக்கா வென்றால் அவர்களுக்கும் தொடர்ந்து ஐந்து. அப்போது என்ன சொல்வீர்கள்?

மாறன்:
பாரிஸ் ஒலிம்பிக் இறுதியைப் பார்த்தீர்களா? அமெரிக்கா 67, பிரான்ஸ் 66. கடைசி நொடியில் பிரான்ஸின் கேபி வில்லியம்ஸ் போட்டது மூன்று புள்ளியாக இருந்திருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். கால் கோட்டின் மேல் இருந்ததால் இரண்டு. முதலில் பெர்லினில் வெல்லட்டும், பேசலாம்.

கௌசல்யா:
கால் கோட்டில்தான் இருந்தது.