உறைந்த ஆலு டிக்கி எண்ணெயில் வெடிக்கிறது, வழி சொல்லுங்க

வணக்கம். சைவ பர்கருக்கு நடுவில் வைக்கிற ஆலு டிக்கி (உருளைக்கிழங்கு மசியலைத் தட்டிப் பொரிக்கிற வட்டத் துண்டு, அதாவது ‘பேட்டி’ - patty) போடுறவங்க உதவி தேவை.

மசித்த உருளை 1 கிலோ, பட்டாணி 150 கிராம், பொடித்த அவல் 80 கிராம், சோள மாவு 40 கிராம். ஒரு பேட்டி 75 கிராம், ஒன்றரை செ.மீ. கனம். மைதாக் கரைசலில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு இரவு. மறுநாள் உறைந்தபடியே 175 டிகிரி எண்ணெயில் 4 நிமிடம்.

பத்துக்கு இரண்டு மூன்று ஓரத்தில் கீறல் விட்டு மசியல் பிதுங்குது. உதிர்ந்த தூள் அடியில் கருகி எண்ணெயும் கறுத்துப்போகுது.

உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி மேலோட்டை உடைப்பதுதான் காரணம்னு தெரியுது. அதனால உருளையை வெட்டாமல் தோலோடு வேகவைத்து, முழுசா ஆறவிட்டுத்தான் மசிக்கிறது. பட்டாணியைத் துணியில் ஒத்தி எடுத்தாச்சு. சோள மாவைக் கூட்டினால் வெடிப்பு குறையுது, ஆனா கடித்தால் ரப்பர். முட்டை என்ற பேச்சே வேண்டாம், சைவ உணவுன்னு காட்டுற பச்சைப் புள்ளி போயிடும். மயோனைஸும் முட்டையில்லாததுதான். சட்டியும் தனி. (1996-ல் மெக்டொனால்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தபோதே சைவ, அசைவ சமையலைப் பிரித்துத்தான் வைத்தார்கள்.)

இப்போ கேள்வி:

ஊட்டி உருளையா, ஆக்ரா உருளையா, எதில் ஈரம் கம்மி? குளிர்கிடங்கு உருளை இனிப்பேறி சீக்கிரம் சிவந்துடுதே, அதுக்கு என்ன செய்றீங்க?

கரைசலுக்கு மைதா, தண்ணீர் என்ன விகிதம்? ரஸ்க் தூள் இரண்டு முறை புரட்டினால் ஓரம் தாங்குமா?

கிராம் கணக்கோட சொன்னா நல்லது.