கழியும் கன்றுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் மாட்டு வைத்தியர் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம். மட்டக்குளிப் பக்கம் மாமா சின்னதாக ஒரு மாட்டுப்பட்டி வைத்திருக்கிறார். அதில் பிறந்து இரண்டு கிழமைகூட ஆகாத நாம்பன் கன்று ஒன்று நேற்றிலிருந்து மஞ்சள் தண்ணீராகக் கழிகிறது, வாலெல்லாம் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. பிறந்தவுடன் கடும்புப் பால் நன்றாகக் குடித்த கன்றுதான். இப்போது கண் உள்ளே போய்விட்டது, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் அப்படியே நிற்கிறது, வாய்க்குள் விரல் வைத்தால் சப்புகிறது, ஆனால் பலமில்லை. சூடு 39 பாகை, அது கன்றுக்குச் சரியான அளவுதான், உடம்பு குளிர்ந்தால்தான் பயம்.

மற்றக் கன்றுகளிலிருந்து பிரித்து, காய்ந்த வைக்கோல் போட்டுக் கட்டியிருக்கிறோம். ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து இளஞ்சூட்டில் சூப்பிப் போத்தலில் கொடுக்கிறோம். பாலையும் நிறுத்தவில்லை, இடைவெளி விட்டுத் தனியாகக் கொடுக்கிறோம் (பாலை நிறுத்து என்று அயலில் எல்லாரும் சொல்கிறார்கள், பட்டினி போட்டால் தெம்பு எங்கிருந்து வரும்?).

சப்புவதை விட்டுவிட்டால் என்ன செய்வது? வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். குழாய் போட்டுக் கொடுக்கத் தெரிந்தவர்கள், சேலைன் ஏற்றக்கூடிய மாட்டு வைத்தியரைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொழும்பில் நாய் பூனைக்கு வைத்தியர் கிடைக்கிறார், மாட்டுக்கு என்றதும் போனை வைத்துவிடுகிறார்கள். பேராதனை மிருக வைத்தியசாலைக்கு ஏற்றிக்கொண்டு போகிற நிலையில் கன்று இல்லை. மனிதருக்குக் கொடுக்கும் மாத்திரைப் பெயர் மட்டும் வேண்டாம். இன்பொக்ஸில் நம்பர் போட்டாலும் சரி, ராத்திரி முழுக்க முழித்துத்தான் இருப்போம்.