உழவாரனுக்கு மூன்று பெட்டி வைத்தேன், இரண்டு வருடமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை

மாடிவாசி:
எங்கள் தெருவில் கோடை வந்தால் சாயங்காலம் ஏழெட்டு உழவாரன்கள் (ஆங்கிலத்தில் ஸ்விஃப்ட் என்கிற பறவை) கீச்சிட்டுக்கொண்டே கூரை மட்டத்தில் வட்டமடிக்கும். எதிர்வீட்டு ஓட்டு இடுக்குகளில்தான் அவற்றின் கூடுகள் இருந்தன. கூரையைப் பழுதுபார்த்தபோது இடுக்குகளை எல்லாம் பூசி அடைத்துவிட்டார்கள். மனசு கேட்காமல் பிளைவுட்டில் மூன்று பெட்டி செய்து மாடி இறவாரத்தின் கீழே, தரையிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில் மாட்டினேன். ஓட்டை அகலம் 65 மில்லிமீட்டர், உயரம் 28. உட்கார வசதியாக இருக்கட்டும் என்று ஓட்டைக்குக் கீழே ஒரு குச்சியும் வைத்தேன். கீழே படர்ந்திருக்கும் கொடி பச்சைப்பசேலென்று பெட்டி வரை ஏறியிருப்பதால் பார்க்கவும் அழகு. மே மாதம் இரண்டு வாரம் அவற்றின் குரலை ஒலிபரப்பிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெட்டியில் சிட்டுக்குருவி குடியேறிவிட்டது. கழற்றிவிடலாமா?

வேலியோரம்:
முதலில் ஒரு சந்தேகம். நீங்கள் பார்ப்பது உழவாரன்தானா, தகைவிலானா (ஸ்வாலோ)? கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது தகைவிலான். உழவாரன் கம்பியில் உட்காராது. நான்கு விரலும் முன்பக்கம் பார்த்திருக்கும் குட்டைக் கால், சுவரில் தொற்றிக்கொள்ள மட்டும்தான் உதவும். தகைவிலானுக்குப் பெட்டி வைத்த கதை என்னுடையது, அதனால் கேட்கிறேன் :)

மாடிவாசி:
கம்பியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அரிவாள் மாதிரி வளைந்த இறக்கை, உடம்பெல்லாம் கரும்பழுப்பு. உழவாரன்தான்.

தச்சர்மகள்:
கழற்ற வேண்டாம். எனக்கு நான்காவது கோடையில்தான் ஒரு ஜோடி வந்தது. அதற்குள் நான் செய்யாத தப்பு இல்லை.

நீங்கள் வசதி என்றும் அழகு என்றும் சொன்ன இரண்டும்தான் இடைஞ்சல். குச்சியை இன்றே பிடுங்குங்கள். உழவாரன் வேகம் குறையாமல் வந்து ஓட்டையில் தொற்றி உள்ளே நுழையும், குச்சியில் உட்கார்ந்து யோசிக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. குச்சியால் லாபம் சிட்டுக்குருவிக்குத்தான். அப்புறம் அந்தக் கொடி. வெளியே வரும்போது உழவாரன் கல் மாதிரி கீழே விழுந்து, அந்த வேகத்தில்தான் இறக்கையை விரிக்கும். ஓட்டைக்கு முன்னும் கீழும் வெற்றிடம் வேண்டும். எலி ஏறவும் கொடி ஒரு ஏணி. பெட்டிக்குக் கீழே நன்றாகத் தாழ வெட்டிவிடுங்கள்.

ஓட்டை அளவு சரி. நான் முதலில் 35 உயரம் வைத்தேன், ஸ்டார்லிங் (மைனா குடும்பப் பறவை) நுழைந்து வைக்கோலால் அடைத்துவிட்டது. 28ஆக இருந்தால் அதற்கு இடமில்லை. சிட்டுக்குருவி 28லும் நுழையும், தடுக்க முடியாது. குடியேறியதை இப்போது துரத்தாதீர்கள், அதற்கும் வீடு வேண்டும்தானே. மற்ற இரண்டு பெட்டிகளின் ஓட்டையையும் அடுத்த வருடம் உழவாரன் வந்து சேரும் வரை துணி வைத்து அடைத்து வையுங்கள். முதல் கீச்சொலி கேட்ட அன்றே எடுத்துவிடுங்கள்.

குரல் விஷயத்தில்தான் நானும் ஏமாந்தேன். மே மாதத் தொடக்கத்தில் வருபவை பெரும்பாலும் பழைய ஜோடிகள். வருடா வருடம் அதே ஓட்டைக்குத் திரும்புபவை, உங்கள் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எதிர்வீட்டில் இடம் பறிபோனவை தேடி வரலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வீடு தேடுவது இளசுகள். உழவாரன் முதன்முதலில் முட்டையிட மூன்று நான்கு வயதாகிவிடும். அதற்கு முன்பே ஜூன், ஜூலையில் இடம் பார்த்துத் திரியும். கூச்சலிட்டு வட்டமடிக்கும் கூட்டத்தில் அவைதான் நிறைய. ஆகவே மே இரண்டு வாரத்தோடு நிறுத்தியது தப்பு. ஜூலை கடைசி வரை, விடிந்ததும் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் போடுங்கள். ஸ்பீக்கரைப் பெட்டியை ஒட்டியே வையுங்கள். அக்கம்பக்கத்தார் முறைப்பார்கள், முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

பெட்டிக்குள் பெயிண்ட் அடித்தீர்களா? கூட்டுக்கு ஏதாவது குழி?

மாடிவாசி:
பெயிண்ட் இல்லை அக்கா, வெறும் மரம். குழியும் இல்லை, வழவழப்பான தரை.

தச்சர்மகள்:
அப்படியானால் ஓட்டையிலிருந்து தள்ளி, இருட்டு மூலையில், ஆழமில்லாத குழி உள்ள ஒரு வட்டமான மரத்துண்டை ஒட்டுங்கள். முட்டை உருளாது. அதற்கு மேல் எதுவும் போட வேண்டாம். காற்றில் மிதக்கிற இறகையும் சருகையும் பறந்தபடியே பிடித்து, எச்சிலால் ஒட்டிக் கூட்டை அதுவே முடித்துக்கொள்ளும். முட்டை இரண்டோ மூன்றோ இருக்கும், ஏறக்குறைய 20 நாள் அடைகாக்கும். குஞ்சு பறக்க ஆறு வாரம் வரை ஆகலாம். மழைபிடித்துப் பூச்சி கிடைக்காவிட்டால் இன்னும் நீளும். குஞ்சு உடம்பைக் குளிரவிட்டு அசையாமல் கிடக்கும், செத்துவிட்டது என்று பயந்து பெட்டியைத் திறந்துவிடாதீர்கள்.

வேலியோரம்:
தரையில் ஒன்று விழுந்து கிடந்தால்? மேலே தூக்கி எறிந்தால் பறந்துவிடும் என்று கேள்விப்பட்டேன்.

தச்சர்மகள்:
எறியவே கூடாது. அடிபட்டதாக இருந்தால் அத்தோடு முடிந்தது. துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, பறவை மீட்பவர்களிடம் கொடுங்கள்.

மாடிவாசி:
மறுவருடம், ஜூன் 20. கொடியை வெட்டியாயிற்று, குச்சியும் போயிற்று. நேற்று சாயங்காலம் கூட்டத்திலிருந்து ஒன்று பிரிந்து வந்து, நடுப்பெட்டி ஓட்டையில் இறக்கையால் தட்டிவிட்டுப் போனது. உட்காரவில்லை. ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்து தட்டியது. பிடிக்கவில்லையோ?

தச்சர்மகள்:
அது கதவைத் தட்டுவது! உள்ளே ஆள் இருந்தால் கத்தும், சத்தம் இல்லையென்றால் இடம் காலி என்று தெரிந்துகொள்ளும். ஸ்பீக்கரை நிறுத்தாதீர்கள். நடுப்பெட்டி ஓட்டையில் துணி இல்லைதானே? உடனே போய்ப் பாருங்கள்.