மாயக்கதையில் தொந்தி யாருக்கு?

பவானிக்கரை (கோபி):
சத்தியமங்கலம் காட்டை வைத்துச் சிறுவர்களுக்கு ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பூதத்தைக் குப்பியில் அடைத்து ஊரை மிரட்டும் வட்டிக்கடைக்காரன் ஒருவன் அதில் வருகிறான். முதல் வரியிலேயே அவனுக்குத் தொந்தி வைத்துவிட்டேன். என் மகன் ஏழாம் வகுப்பு, பூசினாற்போன்ற உடம்பு. படித்துவிட்டு, "கெட்டவன் என்றால் குண்டாகத்தான் இருக்க வேண்டுமா அம்மா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அவன் விரும்பிப் படிக்கும் ஹாரி பாட்டரைப் புரட்டினேன். 1997இல் வந்த முதல் புத்தகத்திலேயே ஹாரியின் பெரியம்மா மகனான குண்டுப் பையன் டட்லிக்கு மந்திரத்தால் பன்றிவால் முளைக்கிறது. மந்திரப் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோரை இகழ்ந்தது டட்லியின் அப்பா. வால் முளைத்தது பிள்ளைக்கு. அந்த இடத்தில் நானும் ஒரு காலத்தில் சிரித்திருக்கிறேன்.

தறிமேடை (சென்னிமலை):
அம்மணி, அந்தத் தொந்தியை எடுக்காதீர்கள். 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் கோவை, சேலம் சீமைகளில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். ஊரே எலும்பும் தோலுமாகக் கிடக்கையில் ஒருவனுக்கு மட்டும் வயிறு முன்னே தள்ளியிருந்தால், அதில் இருப்பது அடுத்தவன் வீட்டுக் கம்பும் ராகியும். அந்த வயிற்றெரிச்சலைத்தான் நம் பாட்டிகள் கதையில் தொந்தியாக வரைந்தார்கள். அவர்கள் பழித்தது பதுக்கலை. நாளை "எந்த உடம்பையும் சொல்லாதே" என்றால் கதைசொல்லி எதைத்தான் சொல்வான்?

பவானிக்கரை:
அண்ணா, பஞ்ச காலத்துக் கோபம் நியாயமானது. ஆனால் இன்று ரேஷன் அரிசி உண்ணும் வீட்டிலும் பருமனான பிள்ளை இருக்கிறது. தைராய்டு குறைவால் பெருத்தவர்கள், மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கி முகம் ஊதியவர்கள், பெற்றோரின் உடல்வாகைக் கொண்டு பிறந்தவர்கள். இவர்கள் யாருடைய கம்பைத் தின்றார்கள்? என் மகனுக்கு ஆண்டு விழா நாடகத்தில் மூன்று வருடமாகக் கும்பகர்ணன் வேடம். இலக்குவன் வசனம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம்.

நொய்யல் வாசகன் (திருப்பூர்):
அக்கா, ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் வரும் ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்கள் எல்லோருமே வயிறு பெருத்தவர்கள்தான். உலகைக் காப்பாற்றியது அந்த இனம். ஹாரி பாட்டரில் நண்பன் ரானின் தாய் திருமதி வீஸ்லி பருமனானவர், அந்தப் புத்தகங்களிலேயே அன்பு மிகுந்தவர். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய மார்ட்டினின் கதையில் சாம்வெல் டார்லி என்ற பருமனான இளைஞனைத் தந்தையே வெறுத்து விரட்டுகிறார். 2000இல் வந்த அந்த வரிசையின் மூன்றாம் நூலில் அதே உடம்போடு அவன்தான் பனிப்பேயைக் கொல்கிறான்.

பேரூர்ப் படித்துறை:
சாம்வெலை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. மற்ற இரண்டையும் விடமாட்டேன். அடுப்படியில் நிற்கும் தாய்க்கு மட்டும் பருமன் அன்பாகிவிடும். அது சலுகை, மரியாதையன்று. ஹாபிட்டுகளில் ஃப்ரெடகர் போல்ஜர் என்பவனைப் பாருங்கள். அவனுக்கு ஊர் வைத்த பெயரே 'குண்டன்'. நண்பர்கள் பயணம் போகிறார்கள், அவன் தங்கிவிடுகிறான். பிறகு ஆக்கிரமிப்பாளர்களை எதிர்த்து ஒரு கூட்டத்தையே நடத்திச் சிறைப்படுகிறான். நடக்கவும் முடியாமல் அவனைத் தூக்கி வரும்போது, 'இனி அவன் குண்டன் அல்லன்' என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அவ்வளவு பெரிய காரியம் செய்தவனைப் பற்றி ஆசிரியருக்கு முதலில் சொல்லத் தோன்றியது இளைத்துப்போனதைத்தான். பட்டினி கிடந்து இளைத்தவன் அவன்! எனக்கு அந்தப் பக்கம் இன்றும் ஆறவில்லை.

ஈச்சனாரி கதை நம் எல்லோருக்கும் தெரியும். பேரூருக்கு வண்டியில் கொண்டுபோன பிள்ளையார் சிலை, வழியில் அச்சு முறிந்து அங்கேயே நின்றுவிட்டது. இவ்வளவு கனமா என்று யாரும் சிலையை ஏசவில்லை, இடம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று கோயில் எழுப்பினார்கள். அவர் வயிற்றைப் பார்த்துச் சிரித்த சந்திரனுக்குச் சாபம் கிடைத்தது. 'நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு' என்கிறோமே, கேலி செய்தவனைத் தண்டித்த கதை நம் வாயிலேயே இருக்கிறது.

தறிமேடை:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! சிவனின் பூதகணமான குண்டோதரன் கதையும் அப்படித்தான். மீனாட்சி திருமணத்தில் அவன் பசிக்குச் சமைத்ததெல்லாம் போதவில்லை. தலைகுனிந்தது பாண்டியப் பெருமை. நம் மரபில் வயிறு பழிக்கப்படவில்லை.

பேரூர்ப் படித்துறை:
அண்ணா, பள்ளியில் ஐந்து வருடம் எனக்குப் பெயர் குண்டோதரி. புராணத்தில் எப்படியோ, வகுப்பில் அது வசவுதான்.

தறிமேடை:
அது எனக்குத் தெரியாது அம்மணி. வருந்துகிறேன். ஆனாலும் வட்டிக்காரனின் வயிறு வேறு, உங்கள் வயிறு வேறு என்று எழுத முடியும் என்றே இப்போதும் நம்புகிறேன்.

பவானிக்கரை:
நேற்று இரவு மாற்றி எழுதினேன். வட்டிக்காரன் இப்போது ஒல்லி. பூண் போட்ட கைத்தடியும் அடகு நகைப் பெட்டியின் சாவிக்கொத்துமே அவன் அடையாளம். பரிசல் ஓட்டும் பெண்ணைப் பருமனாக்கினேன். சுழலில் பரிசல் கவிழாமல் அவள் உடல் கனம்தான் காக்கிறது.

பேரூர்ப் படித்துறை:
பருமனுக்கு ஒரு பயன் காட்டினால்தான் அவளைக் கதைக்குள் விடுவீர்களா? ஒல்லிப் பையனிடம் ஒல்லி எதற்கு என்று கேட்டீர்களா?

பவானிக்கரை:
அந்த வரியை அடித்துவிட்டேன். அவளுக்குத் துடுப்புப் போடத் தெரியும், ஆற்றின் சுழல்களைத் தெரியும். மகனிடம் கொடுத்திருக்கிறேன், படித்துக்கொண்டிருக்கிறான். தறிமேடை அண்ணனோடு வட்டிக்காரன் வழக்கு இன்னும் பாக்கி.